சிக்குன்குனியா வந்து ஏழு வாரம் ஆகியும் அம்மாவுக்கு மூட்டுவலி போகவில்லை: இது முடக்குவாதமா, எப்போது சரியாகும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. ஏழு வாரத்துக்கு முன் சிக்குன்குனியா வந்தது, காய்ச்சல் நாலே நாளில் விட்டுவிட்டது. ஆனால் இன்றுவரை காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை, குடத்தைத் தூக்க முடியவில்லை, கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் கணுக்காலில் உயிர் போகிறது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக நடமாடுகிறார், மூன்றாம் நாள் மறுபடி பழைய கதை. இது முடக்குவாதமாகிவிட்டதா, இதைவிட நல்ல மருந்து உண்டா, பிரசவத்துக்கு வந்திருக்கும் எட்டு மாதக் கர்ப்பிணித் தங்கைக்கு ஒட்டிக்கொள்ளுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அம்மா பழையபடி ஆவாரா?

பெரும்பாலும் ஆவார். வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். அதற்குள் அவசரப்பட்டு எதையாவது கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். நான் தென்மாவட்டம் ஒன்றில் பொதுமருத்துவம் பார்ப்பவன். 2006-இல் இந்தக் காய்ச்சல் தெருத் தெருவாகப் படுக்கவைத்தபோதும் பார்த்தேன், அதற்குப் பிறகு வந்த சிறிய அலைகளையும் பார்த்திருக்கிறேன். மூட்டுவாத நிபுணன் அல்ல. உங்கள் அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. ஆகவே எது உறுதி, எது இன்னும் தெளிவாகாதது என்று பிரித்தே சொல்கிறேன். மருந்து மாற்றுவதென்றால் அம்மாவை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதலில், இந்த நோயைக் காய்ச்சல், மூட்டுவலி என்று இரண்டு பகுதியாகப் பார்க்கப் பழகுங்கள். காய்ச்சல் பகுதி ஒரு வாரத்து விஷயம். ஏடிஸ் கொசு கடித்து மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் திடீரென்று 102, 103 என்று ஏறும். காலையில் வயலுக்குப் போனவர் மதியம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பார்களே, அப்படி. கூடவே மணிக்கட்டு, விரல்கணு, கணுக்கால், முழங்கால் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும். எப்போதோ எலும்பு முறிந்து கூடிய இடம், ஏற்கெனவே தேய்ந்த முட்டி என்று பழைய காயத்தையெல்லாம் தேடிப்போய்ப் பிடிக்கும். சிலருக்கு மூன்றாம் நான்காம் நாளில் தோலில் தடிப்பு வரும். வைரஸ் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும், பிறகு உடம்பே அதைத் துரத்திவிடும். மூட்டுவலி அதோடு போகாது. அதன் கணக்கு தனி. முதல் மூன்று வாரம் வரை ஒரு கட்டம், அங்கிருந்து மூன்று மாதம் வரை அடுத்தது, மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட நிலை. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை வைத்துத்தான் மருந்து. முதல் வாரத்தில் ஆபத்தான மாத்திரை ஏழாம் வாரத்தில் உதவும். ஆறாம் மாதத்தில் தேவைப்படுவது இப்போது தேவையில்லை. உங்கள் அம்மா இருப்பது நடுக்கட்டத்தில்.

முதல் வாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்கள், இதைப் படிக்கும் வேறு யாராவது இன்று காய்ச்சலோடு இருக்கலாம். அந்த வாரத்தில் பெரிய கவலை சிக்குன்குனியா அல்ல, டெங்கு. இரண்டையும் பரப்புவது ஒரே கொசு, ஒரே ஊரில் ஒரே மழைக்காலத்தில் வரும், சில சமயம் ஒரே ஆளுக்கே இரண்டும் சேர்ந்து வரும். சிக்குன்குனியாவில் ஆளை முடக்குவது மூட்டு. டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதும் ரத்தப்போக்கும். அதனால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகை வலிமாத்திரை எதுவும் தொடக்கூடாது. ஊசியாகவும் கூடாது. பாராசிட்டமால் மட்டும்தான். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் மருத்துவரிடம் அளவு கேட்டுத்தான் போட வேண்டும். குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் நிறையப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் இளநீரைக் கொஞ்சம் பார்த்துக் குடிக்கட்டும். ஆன்டிபயாட்டிக்கால் இந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது மனசுக்குத்தான் தெம்பு.

காய்ச்சல் விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் இங்கேதான் தவறாகிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த இரண்டு நாள்தான் மோசமான நாள். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, ஆள் சோர்ந்து மயங்கிக் கிடப்பது என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சிக்குன்குனியாவிலேயே உயிரிழப்பு உண்டா என்றால், அரிது, ஆனால் உண்டு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் சொல்வார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் வயதானவராக, பிறந்த குழந்தையாக, அல்லது இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏற்கெனவே தொல்லை உள்ளவராக இருப்பார். காய்ச்சலோடு பிதற்றல், வலிப்பு, நெஞ்சில் படபடப்பு என்று வந்தால் அது மூட்டோடு நிற்கவில்லை என்று பொருள்.

பரிசோதனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு மூன்று முறை ரத்தம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பயன்படும். அதற்குப் பிறகு உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ஐ.ஜி.எம். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். பார்த்துவிட்டு ‘நெகட்டிவ், சிக்குன்குனியா இல்லை’ என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை, அப்போது அது உருவாகியே இருக்காது. அதேபோல் ஏழாம் வாரத்தில் அது ‘பாசிட்டிவ்’ என்று வருவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். சமீபத்தில் வந்து போயிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், வைரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றல்ல. இனிமேல் அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

சரி, அந்த ஊசிக்கு வருவோம். என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் போட்ட அன்றைக்கே வலி பறந்து, பசி எடுத்து, இரண்டு நாளில் முழு வேகத்தில் திரும்புகிறது என்றால் அதில் வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவின் சீட்டை எடுத்துப் பாருங்கள். சீட்டே தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஸ்டீராய்டு விஷமல்ல, நானும் எழுதுகிறேன். ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வலி வரும்போதெல்லாம் ஒரு ஊசி என்று போனால் ஊசி தீர்ந்ததும் மூட்டு முன்னைவிட மோசமாக வீங்கும், அடுத்த ஊசிக்கு ஆள் ஏங்க ஆரம்பிப்பார். உங்கள் அம்மாவுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஊசி போட்ட அடுத்த நாள் வெறும் வயிற்றில் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் பார்த்தீர்களா? பார்த்தால் புரியும். ரத்தக்கொதிப்பும் ஏறும். அப்புறம் ஒன்று: யாராவது பெயர் ஒட்டாத பொட்டலத்தில் கறுப்பு உருண்டையோ பழுப்புப் பொடியோ ‘மூட்டுவலிக்கு நாட்டு மருந்து’ என்று கொடுத்து, அது ஒரே நாளில் பிரமாதமாகக் கேட்டால், சந்தேகப்படுங்கள். அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது புதிதல்ல. முகம் உப்பி, கன்னம் உருண்டையானபிறகு எங்களிடம் வருவார்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்படியானால் இப்போது எதைக் கொடுப்பது? டெங்கு பயம் தாண்டிவிட்டது. எனவே நாப்ராக்சன் மாதிரியான வலிமாத்திரை ஒன்றை ஒழுங்காக, வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு, ஒன்றிரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ‘வலித்தால் போடு’ என்பதைவிட ஒரு கெடு வைத்து ஒழுங்காகப் போடுவது நல்ல பலன் தரும். ஆனால் 58 வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பார்க்காமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது. கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று போதும். ரத்தக்கொதிப்பு மாத்திரையின் வேலையையும் இவை கொஞ்சம் கெடுக்கும், அதனால் வாரம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லை என்றால் பாராசிட்டமாலும் மேலே பூசும் களிம்பும்தான். இதற்கெல்லாம் அடங்காமல் மூட்டு வீங்கியே இருந்தால், குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சிலர் ஏழாம் வாரத்தில் கொடுப்பார்கள், சிலர் காத்திருப்பார்கள். உங்கள் அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் நான் காத்திருக்கும் கட்சி.

அடுத்து, முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற கேள்வி. பார்க்க அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், வீக்கம். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சிக்குன்குனியா காய்ச்சலோடு தொடங்கி ஏழு வாரம்தான் ஆகியிருக்கிறது என்றால், அதை முடக்குவாதம் என்று முத்திரை குத்துவது அவசரம். முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் அம்மாவுக்கு லேசாக அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வயதானவர்களிடமும் வேறு பல தொற்றுகளுக்குப் பிறகும் அது லேசாக ஏறியிருக்கும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனையைப் பாருங்கள். அது முடக்குவாதத்தை இன்னும் குறிப்பாகக் காட்டும். சிக்குன்குனியா மூட்டுவலியில் பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். முடக்குவாதம் எலும்பை அரித்து விரலைக் கோணலாக்கும், சிக்குன்குனியாவில் அந்த அரிப்பு அரிது. அம்மாவின் விரல் கோணிப்போகும் என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது, அதற்கான வாய்ப்பு குறைவு. உள்ளே மறைந்திருந்த உண்மையான முடக்குவாதத்தை இந்தக் காய்ச்சல் தட்டி எழுப்புமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஒரு சிலருக்குக் காய்ச்சலுக்குப் பின் வந்தது கடைசியில் முடக்குவாதமாகவே நின்றதும் உண்டு. அது தற்செயலா, காரணமா என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை.

எத்தனை நாளில் சரியாகும் என்பதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்பாதீர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் சில வாரங்களில் தெளிந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஆய்வுக்கு ஆய்வு பத்தில் ஒருவரிலிருந்து பத்தில் ஆறு பேர் வரை மாறுகிறது. யாரைச் சேர்த்தார்கள், எதை வலி என்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்த வித்தியாசம் அது. பெண்கள், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், முதல் வாரத்தில் வலி கடுமையாக இருந்தவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு நீளும் என்பது திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். உங்கள் அம்மா அந்தப் பட்டியலில்தான் வருகிறார், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வலி ஒரே சீராக இருக்காது. ஒரு வாரம் நன்றாக இருப்பார், நாள் முழுக்கத் துணி துவைத்துவிட்டு மறுநாள் கிடப்பார். அப்படித் திரும்பி வருவதை ‘இரண்டாவது தடவை சிக்குன்குனியா’ என்று எண்ண வேண்டாம். டெங்குவுக்கு நான்கு வகை உண்டு, ஆதலால் மறுபடி மறுபடி வரலாம். இதற்கு ஒருமுறை வந்தால் கிடைக்கும் எதிர்ப்பு நீண்ட காலம், அநேகமாக ஆயுள் முழுக்க, நிற்கும்.

வைரஸ் எலும்புக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நாள்பட்ட வலி இருந்த ஒருவரின் மூட்டுச் சவ்வில் ஒன்றரை வருடம் கழித்தும் வைரஸின் துணுக்குகளைக் கண்டிருக்கிறார்கள். வேறொரு ஆய்வில் பல பேருடைய மூட்டு நீரைச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. உயிருள்ள வைரஸ் தங்குகிறதா, அதன் மிச்சங்களைப் பார்த்து உடம்பின் பாதுகாப்புப் படை அடங்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறதா என்பது தீராத கேள்வி. நடைமுறையில் இதனால் உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. வைரஸைக் கொல்லும் மருந்து இன்று எதுவும் இல்லை, அழற்சியை அடக்குவதுதான் சிகிச்சை. மலேரியாவுக்கான குளோரோகுயினை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவிலும் நம் நாட்டிலும் காய்ச்சல் கட்டத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள், சொல்லும்படியான பலன் இல்லை.

மருந்தைவிட வீட்டில் செய்ய வேண்டியது அதிகம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலும் வீக்கமும் உச்சத்தில் இருக்கும் முதல் வாரங்களில் சூடு வைக்கக் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ்தான். இப்போது அம்மாவுக்கு மூட்டு சிவந்து சுடாமல், இறுக்கம்தான் முக்கியத் தொல்லை என்றால், காலையில் எழுந்ததும் கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கையையும் பத்து நிமிடம் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரலை மெதுவாக மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் காலுக்கு வைக்கும் சூட்டை நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள், உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது. அப்புறம் உள்ளங்கையைப் பின்தலையில் வைத்து எடுப்பது, உட்கார்ந்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, ஒரு துணிப்பந்தை அமுக்கி விடுவது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அளவு தெரிய ஒரு வழி உண்டு. செய்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியும் வலி முன்பைவிட அதிகமாக இருந்தால் கூடிப்போய்விட்டது, நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

குடம் வேண்டாம். குடத்தின் கழுத்தை விரலால் கொக்கிபோல் பிடித்துத் தூக்கும்போது பாரமெல்லாம் வீங்கிய விரல்கணுவில்தான் போய் உட்காரும். பிடி வைத்த சின்ன வாளியில் பாதி பாதியாக எடுக்கட்டும், அல்லது நீங்கள் எடுத்துக் கொடுங்கள். மாவு பிசைவது, துணி பிழிவது, அரிவாள்மனையில் அரிவது ஆகிய மூன்றையும் கொஞ்ச நாள் வேறு யாராவது செய்தால் வலிமாத்திரையே ஒன்று குறையும். எங்கள் ஊரில் ‘அம்மா படுத்தே கிடக்கட்டும்’ என்று அன்பாக விட்டுவிடுவார்கள், அதுவும் தப்பு. ஒரு மாதம் அசையாத தோள்பட்டை இறுகிப்போனால் அது தனி நோய். இரவில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய்க் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மணிக்கட்டு வீங்கி நரம்பை அழுத்தினால் அப்படி ஆகும், இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டினாலே பலருக்கு அடங்கும். இன்னொன்று, தூக்கமின்மையும் மனச்சோர்வும். மற்றவர் கையை எதிர்பார்த்து வாழ்ந்து பழக்கமில்லாத அம்மாக்களுக்கு வலியைவிட அதுதான் பாரம். ‘காய்ச்சல்தான் போய்விட்டதே’ என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். சும்மா வலி என்பது வேறு, தொட்டால் பஞ்சுபோல் அமுங்கும் வீக்கம் வேறு. இரண்டாவதற்கு மெத்தோட்ரெக்ஸேட் மாதிரியான மருந்தை யோசிப்பார்கள். அது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடுவது. தினமும் போட்டால் ஆபத்து. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். இந்த நோய்க்கு அது எவ்வளவு கேட்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வுகள் குறைவு, முடக்குவாத அனுபவத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். கேட்பவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு சேர்ந்த சித்த மருந்து அது, தமிழக அரசே காய்ச்சல் காலங்களில் ஊற்றிக் கொடுத்தது. ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில், சிக்குன்குனியா வைரஸை அது தடுக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். மனிதருக்கு ஏழாம் வாரத்து மூட்டுவலியை அது தீர்க்கும் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. காய்ச்சலின்போது மருந்தோடு சேர்த்து ஒரு வேளை குடிப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் அது சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடும், அம்மா ஏற்கெனவே மாத்திரை போடுகிறார், மாதக்கணக்கில் குடிக்க வேண்டாம். கர்ப்பிணித் தங்கைக்குக் கொடுக்கவே வேண்டாம். பப்பாளி இலைச் சாறு பேச்செல்லாம் டெங்குவில் குறையும் தட்டணுக்களுக்காக வந்தது, மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோழிக்கறி தாராளமாகச் சாப்பிடலாம். 2006-இல் கோழியால்தான் இந்த நோய் வருகிறது என்று வதந்தி கிளம்பியது, பாவம், கறிக்கடைக்காரர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

தங்கை விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டில் அவசரமானது. அம்மாவிடமிருந்து அவளுக்கு ஒட்டாது. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் பரவும் நோய் அல்ல இது. ஏழு வாரத்துக்குப் பிறகு அம்மாவைக் கடிக்கும் கொசுவுக்கும் அவர் ரத்தத்திலிருந்து எதுவும் கிடைக்காது. ஆனால் அதே தெருவில் இன்று காய்ச்சலோடு வேறு யாராவது இருக்கலாம். கர்ப்ப காலத்தின் நடுவில் வந்தால் பெரும்பாலும் குழந்தைக்குச் சேதமில்லை. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால்தான் சிக்கல். அந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றியதை 2005, 2006-இல் ரெயூனியனில் பார்த்தார்கள், சிசேரியன் செய்தும் அது தடுக்கப்படவில்லை. பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தை மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் பால் குடிக்காமல், காய்ச்சலோடு, தொட்டால் வீரிட்டு அழும். மூளையும் பாதிக்கப்படலாம். எனவே தங்கைக்கு இனிக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் அன்றே பிரசவ மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்தை ஒட்டி வந்திருந்தால், குழந்தையை ஒரு வாரமாவது மருத்துவமனைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதையும் அவள் தொடக்கூடாது, அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தனியாக வையுங்கள்.

முடிந்தால் பிரசவம் வரை அவளை வேறு வீட்டில் வைக்கலாம். முடியாவிட்டால் பகலில் வலை. இந்தக் கொசு கடிப்பது காலையிலும் மாலை வெயில் தாழும்போதும். ராத்திரி மட்டும் வலை கட்டுவது இதற்குப் போதாது. டீட் கலந்த கொசு விரட்டிக் களிம்பைக் கர்ப்பிணிகளும் பூசலாம். பிறந்த குழந்தைக்குக் களிம்பு கூடாது, வலைத்தொட்டில்தான்.

கொசு எங்கிருந்து வருகிறது என்று ஊராட்சியைத் திட்டுவதற்கு முன் சொந்த வீட்டைச் சுற்றி வாருங்கள். ஏடிஸ் அதிகத் தூரம் பறக்காது, உங்களைக் கடிப்பது அநேகமாக உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததுதான். சாக்கடையில் முட்டையிடாது, நீங்கள் மூடாமல் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான். குழாயில் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர்களில் எல்லா வீட்டிலும் சிமெண்ட் தொட்டியும் பிளாஸ்டிக் டிரம்மும் நிற்கும், அங்கேதான். தொட்டியின் மேல் குனிந்து பாருங்கள். உங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்குகிறதே, அதுதான் கொசுப்புழு. முட்டை தண்ணீருக்குள் இருக்காது, நீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் கறுப்பு மணல்போல் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் அது காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருநாள் காலியாக்கி, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், வாரக்கணக்கு அதனால்தான். ஃபிரிட்ஜின் பின்தட்டு, வெளியே கிடக்கும் ஆட்டுக்கல் குழி, பழைய டயர், சிரட்டை எல்லாவற்றையும் பாருங்கள். புகை அடிக்கும் வண்டி வந்து போனால் பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும், தொட்டியில் இருப்பது அப்படியே இருக்கும்.

நீங்கள் தேனிப் பக்கம் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் பரவிய இந்த வைரஸ், 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிவிட்டு மறைந்தது. 2005 கடைசியில் வேறு மரபணு வகையாகத் திரும்பி, 2006-இல் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேரைச் சந்தேகக் கணக்கில் சேர்த்தது. அந்த வருடக் கடைசியிலேயே இலங்கைக்கும் போய், யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் படுக்கவைத்தது. அதே காலத்தில் ரெயூனியனில் ஒரு சின்ன மாற்றம் அடைந்து, காடு தோட்டத்தில் வாழும் புலிக்கொசு என்ற இன்னொரு ஏடிஸ் கொசுவிலும் நன்றாகப் பெருகப் பழகிக்கொண்டது. 2007-இல் கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீரில் அந்தக் கொசு பெருகி நோயைப் பரப்பியது. மலைத் தோட்ட வேலைக்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது போய்வந்தால், பகலில் முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், வீட்டுத் தொட்டியை மூடுவது மட்டும் அவர்களைக் காப்பாற்றாது.

தடுப்பூசி வெளிநாட்டில் வந்திருக்கிறது. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த முதல் தடுப்பூசியின் உரிமத்தை, வயதானவர்களிடம் கண்ட கடும் பக்கவிளைவுகளுக்குப் பிறகு, 2025-இல் அங்கேயே நிறுத்திவைத்தார்கள். இன்னொன்று 2025-இல் அனுமதி பெற்றது. ஏற்கெனவே நோய் வந்துபோன அம்மாவுக்கு இரண்டுமே தேவையில்லை.

கடைசியாக, அம்மாவின் மூக்கு நுனி கறுத்துவிட்டது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மூக்கில் வரும் அந்தக் கறுப்பு இந்தக் காய்ச்சலின் அடையாளம்தான், சில மாதத்தில் மங்கும். கடையில் விற்கும் வெள்ளையாக்கும் களிம்பு எதையும் பூச வேண்டாம், அவற்றில் சிலவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. எந்தக் கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டும், தானாக முளைக்கும். நிபுணரிடம் போகும்போது இதுவரை போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும், மூட்டு அதிகம் வீங்கியிருந்த நாளில் எடுத்த கைப் படம் ஒன்றையும் கொண்டுபோங்கள். பார்க்கிற அன்றைக்கு வீக்கம் வடிந்திருந்தால் அந்தப் படம்தான் பேசும்.